பெயர்ப்பலகைக்கு முந்தைய வருடங்கள்

பொறியியல் படித்த பிள்ளைக்கு இன்று திரும்பிய பக்கமெல்லாம் ஒரே அறிவுரைதான். அடுத்தவனுக்கு உழைத்துக் கொட்டியது போதும், சொந்தமாக ஆபீஸ் போடு. ஆலோசனை நிறுவனம் என்று வந்துவிட்டால் இந்த அறிவுரைக்கு இன்னும் வேகம் ஏறிவிடுகிறது. தொழிற்சாலை வைக்க நிலம் வேண்டும், இயந்திரம் வேண்டும், வங்கி மேலாளர் மனம் வைக்க வேண்டும். கன்சல்டன்சிக்கு ஒரு லாப்டாப், ஒரு மென்பொருள், ஒரு லெட்டர்பேடு போதுமே என்கிறார்கள். முதலீடே தேவைப்படாத தொழில். ஆகவே எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு லாபம். சம்பளத்துக்குக் கைகட்டி நிற்கும் ஒவ்வொரு வருடமும் நஷ்டக் கணக்கு. கல்லூரி மேடைகளிலும் தொழில்முனைவோர் கூட்டங்களிலும் கல்யாணப் பந்திகளிலும் இதைக் கேட்டுக் கேட்டு, இதற்கு ஆதாரம் கேட்க வேண்டும் என்ற எண்ணமே பலருக்கு வருவதில்லை. தேடிப் பார்த்தால் ஆதாரம் எதிர்ப்பக்கம் நிற்கிறது. ஆலோசனை நிறுவனத்துக்கு முதலீடு உண்டு. நிலத்தையும் இயந்திரத்தையும்விடச் சேர்ப்பதற்குக் கடினமான முதலீடு அது: பிறரிடம் வேலை பார்த்த வருடங்கள். அதிலும் குறிப்பாக, வரைபடம் கைமாறிப் போய்க் கம்பியும் கான்கிரீட்டுமாக மாறுகிற இடத்தில் கழித்த வருடங்கள். அவற்றை நஷ்டத்தில் எழுதச் சொல்கிறவர்கள் இந்தத் தொழிலின் கைமுதலையே தூக்கி எறியச் சொல்கிறார்கள்.

கட்டமைப்பு ஆலோசகர் எதை விற்கிறார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கணக்கை விற்கிறார் என்பது பொதுவான எண்ணம். பளு எவ்வளவு, உத்திரத்தின் ஆழம் எவ்வளவு, கம்பி எத்தனை என்ற கணக்கை நான்காம் ஆண்டு மாணவரும் போட்டுவிடுவார். இந்தியத் தரநிலை 456-ஐயும் 13920-ஐயும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும். கணக்கு முடிந்த பிறகு தேவைப்படுகிற தீர்ப்புக்குத்தான் வாடிக்கையாளர் உண்மையில் பணம் கொடுக்கிறார். தூணும் உத்திரமும் சந்திக்கிற ஒரு மூட்டைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். நான்கு திசையிலிருந்தும் உத்திரங்கள் வந்து சேருகின்றன. ஒவ்வொன்றிலும் மேலே நான்கு, கீழே மூன்று என்று 25 மில்லிமீட்டர் கம்பிகள். தூணின் செங்குத்துக் கம்பிகள் வேறு. நிலநடுக்க விதிப்படி மூட்டுக்குள்ளும் நெருக்கமாக ரிங்குகள் வர வேண்டும். திரையில் இது அழகாகத்தான் தெரியும், ஏனென்றால் அங்கே கம்பி என்பது ஒரு கோடு. சைட்டில் கம்பி கட்டுகிறவர் ஒரு திசைக்கான கம்பிகளைப் போட்ட பிறகு, குறுக்குத் திசைக் கம்பி அவற்றுக்கு அடியில்தான் போக முடியும். கணக்கில் வைத்த ஆழத்தில் 25 மில்லிமீட்டர் அங்கேயே போய்விட்டது. 20 மில்லிமீட்டர் ஜல்லி போட்ட கான்கிரீட் அந்த இடுக்கில் இறங்காது. வைப்ரேட்டர் ஊசியும் நுழையாது. சென்ட்ரிங் பலகையைப் பிரித்தால் உள்ளே பொந்து பொந்தாக ஹனிகோம். மேஸ்திரி சிமெண்ட் கலவையை அப்பி மறைத்துவிட்டு அடுத்த தளத்துக்கு ஏறிவிடுவார். வரைபடம் போட்டவர்மீது விதிப்புத்தகத்தை வைத்துக் குற்றம் சொல்ல முடியாது, கட்டடம் மட்டும் பலவீனமாக நிற்கும். தூணைச் சற்று அகலப்படுத்தியிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம். டிராயிங் போடும்போதே அதை யோசிக்கிறவர், எப்போதோ எங்கோ அந்த இடுக்குக்குள் கையை விட்டுப் பார்த்தவராகத்தான் இருப்பார்.

இந்தக் கைமுதலுக்கு உலகம் அறிந்த சாட்சி ஓவ் ஆரப். இன்று உலகின் பல நாடுகளில் அலுவலகம் வைத்திருக்கும் ஆரப் நிறுவனத்தின் பெயருக்குரியவர். 1895-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் டேனிஷ் தந்தைக்கும் நார்வேத் தாய்க்கும் பிறந்தவர். கோபன்ஹேகனில் முதலில் தத்துவம் படித்தார், பிறகு பொறியியலுக்கு மாறி 1922-இல் பட்டம் வாங்கினார். இன்றைய அறிவுரையின்படி அவர் உடனே பலகை மாட்டியிருக்க வேண்டும். அவரோ கிறிஸ்டியானி அண்ட் நீல்சன் என்ற டேனிஷ் காண்ட்ராக்ட் நிறுவனத்தில் சேர்ந்தார், முதலில் ஹாம்பர்க்கில், அடுத்து லண்டனில். கடலோரத் தோணித்துறைகளும் கான்கிரீட் கட்டுமானங்களும் கட்டும் நிறுவனம் அது. அங்கே பத்தாண்டுகளுக்கு மேல் இருந்தார். 1934-இல் ஜே.எல். கியர் என்ற இன்னொரு காண்ட்ராக்ட் நிறுவனத்துக்குப் போனார். 1938-இல் உறவினர் ஒருவருடன் சேர்ந்து சொந்தமாகத் தொடங்கியது உண்மை, ஆனால் அதுவும் வடிவமைப்போடு கட்டித் தருகிற நிறுவனமே. தூய ஆலோசனைப் பொறியாளராக அவர் பெயர்ப்பலகை மாட்டியது 1946-இல், ஐம்பதை எட்டிய பிறகு. பட்டத்துக்கும் பலகைக்கும் இடையில் 24 ஆண்டுகள். அத்தனையும் காண்ட்ராக்டரின் பக்கத்தில்.

அந்த 24 ஆண்டுகள் என்ன கொடுத்தன என்பதை அவருடைய வேலைகளே சொல்கின்றன. லண்டன் ஹைகேட் பகுதியில் 1935-இல் கட்டி முடிந்த ஹைபாயிண்ட் அடுக்குமாடியை எடுத்துக்கொள்ளலாம். கட்டடக் கலைஞர் பெர்த்தோல்ட் லுபெட்கின். அன்றைய வழக்கப்படி தூண், உத்திரம் என்று கூடு கட்டி இடையில் சுவரை நிரப்பியிருப்பார்கள். ஆரப் சுவரையே பளு தாங்கும் கான்கிரீட்டாக ஆக்கினார். அதை வார்ப்பதற்குத் தளம் தளமாக மேலே ஏறிச் செல்லும் பலகை அமைப்பைக் கொண்டுவந்தார். தானியக் குதிர்களையும் சேமிப்புக் கோபுரங்களையும் கட்டுகிறவர்கள் பழகியிருந்த முறை அது. வீடு வடிவமைக்கிற ஆபீஸிலேயே இளமையைக் கழித்த ஒருவருக்கு இது தோன்றியிருக்க வாய்ப்பில்லை. கணக்கில் அவர் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரராக இருந்ததால் வந்த யோசனை அல்ல இது. சென்ட்ரிங் பலகைக்கு ஆகும் செலவு அவருடைய பழைய முதலாளிகளின் கணக்குப் புத்தகத்தில் எந்த வரியில் வரும் என்று தெரிந்ததால் வந்தது.

இதைவிட எனக்கு ஆணித்தரமாகப் படுவது டர்ஹாம் நகரில் வியர் ஆற்றின் மேல் நிற்கும் கிங்ஸ்கேட் நடைபாலம். 1963-இல் திறந்தது. அப்போது ஆரப்பின் நிறுவனத்தில் பலர் இருந்தார்கள்; ஆனாலும் அந்தச் சிறு பாலத்தை அவரே கையில் எடுத்துக்கொண்டார். ஆழமான பள்ளத்தாக்கு, கீழே ஆறு. ஆற்றுக்குள் சாரம் நட்டுக் கட்டினால் செலவு பிடிக்கும், வெள்ளம் வந்தால் ஆபத்து. அதனால் பாலத்தை இரண்டு பாதியாக்கினார். ஒவ்வொரு பாதியையும் அந்தந்தக் கரையிலேயே, ஆறு ஓடும் திசைக்கு இணையாக வைத்துக் கட்டினார்கள். கான்கிரீட் இறுகிய பிறகு இரண்டு பாதியையும் அவற்றின் அடித்தாங்கியின் மேலேயே 90 பாகை திருப்பி, ஆற்றின் நடுவில் ஒன்றோடொன்று கோத்தார்கள். V வடிவில் விரியும் அதன் மெல்லிய கால்கள் கீழே வந்து ஒரு புள்ளியில் கூடுவதற்குக் காரணமே அந்தத் திருப்பம்தான். திரும்ப வேண்டிய பொருளுக்குக் கீழே ஒரு அச்சு வேண்டுமே. பாலத்தின் அழகு என்று இன்று படம் எடுப்பவர்கள் பார்க்கிற வடிவம், கட்டும் முறையிலிருந்து பிறந்த வடிவம். கட்டுகிறவனாக இருந்து பார்க்காதவர் முதலில் வடிவத்தை வரைந்துவிட்டு, எப்படிக் கட்டுவது என்ற தலைவலியைக் காண்ட்ராக்டரிடம் தள்ளியிருப்பார். 1988-இல் ஆரப் மறைந்தபோது அவருடைய சாம்பலை அந்தப் பாலத்திலிருந்துதான் தூவினார்கள்.

ஒரு ஐரோப்பியரை மட்டும் காட்டி வாதத்தை முடித்துவிட முடியாது. இந்தியாவில் மகேந்திர ராஜின் பாதையும் இதே சுவட்டில்தான் போகிறது. 1946-இல் லாகூரில் பொறியியல் முடித்தார். பிரிவினைக்குப் பிறகு பஞ்சாப் பொதுப்பணித் துறையில் அரசு ஊழியராக இருந்து, சண்டிகர் உயர் நீதிமன்றம் போன்ற கட்டடங்களில் லெ கொர்புசியேவின் வரைபடங்களைக் கான்கிரீட்டாக்கும் வேலையைப் பார்த்தார். அமெரிக்கா போய் மேற்படிப்பு முடித்து, நியூயார்க்கில் அம்மன் அண்ட் விட்னி என்ற நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருந்தார். நாடு திரும்பி 1960-இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். டெல்லி பிரகதி மைதானில் ராஜ் ரேவலுடன் சேர்ந்து 1972-இல் அவர் எழுப்பிய ஹால் ஆஃப் நேஷன்ஸ் அவருடைய புகழ்பெற்ற வேலைகளில் ஒன்று. மற்ற நாடுகளில் உருக்குக் குழாயால் செய்கிற முப்பரிமாணச் சட்டகத்தை அவர் கான்கிரீட்டில் செய்தார். அன்று இந்தியாவில் உருக்கு கிடைப்பது கடினம், கைவேலை தாராளமாகக் கிடைத்தது. கம்பிகள் பல திசையிலிருந்து வந்து கூடும் அந்த மூட்டுகளை அந்தந்த இடத்திலேயே கையால் வார்க்க முடியும் என்ற துணிவு அவருக்கு இருந்தது. பொதுப்பணித் துறையில் தொழிலாளர்களோடு நின்ற ஆண்டுகளுக்கும் அந்தத் துணிவுக்கும் தொடர்பில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்தக் கட்டடத்தை 2017-இல் இடித்துவிட்டார்கள் என்பது வேறொரு துயரம், அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். விசுவேசுவரய்யாவும் பம்பாய் பொதுப்பணித் துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்து விலகிய பிறகே, 1908-ஆம் ஆண்டு மூசி வெள்ளத்துக்குப் பின் ஹைதராபாத் அவரை ஆலோசனைக்கு அழைத்தது.

உனக்கு வசதியான பெயர்களைப் பொறுக்கிக்கொண்டாய் என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான கேள்வி. இளம் வயதில் தொடங்கி ஜெயித்தவர்களும் உண்டே? உண்டு, அவர்களில் பொறியியல் வரலாறு மறக்காத ஒருவரையே எடுத்துக்கொள்வோம். சுவிட்சர்லாந்தின் ராபர்ட் மயார் 1902-இல் சொந்த நிறுவனம் தொடங்கியபோது அவருக்கு வயது முப்பது. இளமைதான். ஆனால் 1894-இல் பட்டம் வாங்கியவர் இடைப்பட்ட எட்டு ஆண்டுகளைத் தனியார் நிறுவனங்களிலும் சூரிக் நகராட்சியிலும் கழித்தார். 1901-இல் சுவோஸ் என்ற ஊரில் அவர் வடிவமைத்த பாலம் பிறருடைய நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருந்தபோது எழுந்தது. அந்தப் பாலத்தில் கரைத்தாங்கிகளுக்குப் பக்கத்தில் இருந்த சுவர்களில் விரிசல் விட்டது. மயார் அதைப் போய்ப் பார்த்தார். விரிசல் விட்ட அந்தப் பகுதி பளுவைத் தாங்குவதில் பங்கெடுக்கவே இல்லை என்று புரிந்துகொண்டார். 1905-இல் தவனாசாவில் அடுத்த பாலம் கட்டும்போது அந்தப் பகுதியையே வெட்டி எடுத்துவிட்டார். பிற்காலத்தில் சால்கினாடோபல் பாலம்வரை அவருக்குப் பெயர் வாங்கித் தந்த, மூன்று கீல்கள் கொண்ட வளைவு வடிவம் அங்கிருந்துதான் கிளம்பியது. முப்பது வயதில் தொடங்கியவருக்கும் மூலதனமாக நின்றது பழைய முதலாளியின் பாலத்தில் விழுந்த ஒரு விரிசல். நான் வயதுக்காக வாதாடவில்லை. தான் வரைந்தது எழுந்து நின்று, வெயிலிலும் மழையிலும் கிடந்து, என்ன ஆகிறது என்று ஒரு முறையாவது பார்த்திருக்க வேண்டும் என்கிறேன். அதற்கு எட்டு ஆண்டு போதும் என்றால் எட்டு.

தனிமனிதர்களை விட்டுவிட்டு எண்ணிக்கைக்கு வந்தாலும் கதை மாறவில்லை. பியர் அசூலே, பெஞ்சமின் ஜோன்ஸ் ஆகியோர் அடங்கிய ஆய்வுக் குழு, அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கீட்டுத் துறையின் தரவுகளை வைத்து 2007-க்கும் 2014-க்கும் இடையில் நிறுவனம் தொடங்கிச் சம்பளத்துக்கு ஆள் வைத்த சுமார் 27 லட்சம் பேரை ஆராய்ந்தது. தொடங்கும்போது அவர்களின் சராசரி வயது 42-ஐ ஒட்டி இருந்தது. மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் அரிதான நிறுவனங்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் சராசரி 45. அதே துறையில் முன்பே வேலை பார்த்திருந்தவர்களுக்கு வெற்றி வாய்ப்பு கணிசமாகக் கூடியிருந்தது. இது எல்லாத் தொழிலையும் சேர்த்த கணக்கு, ஆலோசனைப் பொறியாளர்களை மட்டும் பிரித்துக் காட்டுவதல்ல. இருந்தாலும் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டுக் கணினி நிறுவனம் தொடங்கியவர்களின் படத்தைக் காட்டிப் பிள்ளைகளை உசுப்புகிறவர்கள், தங்கள் பக்கம் இவ்வளவு பெரிய கணக்கு ஏதாவது இருக்கிறதா என்று காட்டட்டும். செயலி ஒன்று பழுதானால் அடுத்த வாரம் திருத்திய பதிப்பு வரும். அஸ்திவாரத்துக்கு இரண்டாம் பதிப்பு கிடையாது.

இன்னொரு மறுப்பு இப்போது உரக்கக் கேட்கிறது. அனுபவம் எல்லாம் கையால் கணக்குப் போட்ட காலத்துப் பேச்சு, ஸ்டாட் புரோ, ஈடாப்ஸ் போன்ற மென்பொருள்கள் வந்த பிறகு புதியவருக்கும் பழையவருக்கும் என்ன வித்தியாசம் என்பது அது. கணினியைக் கட்டமைப்புக் கணக்குக்கு மிக முன்பே பெரிய அளவில் பயன்படுத்திய வேலைகளில் சிட்னி ஓபரா ஹவுஸும் ஒன்று, பொறியாளர்கள் ஆரப் நிறுவனத்தார். 1957-இல் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சனின் வரைபடம் போட்டியில் தேர்வானது. கூரையின் வளைவுகளை ஆண்டுக்கணக்கில் பலவித வடிவங்களில் அலசினார்கள். கணினி சளைக்காமல் எண்களைக் கொட்டியது. எல்லாக் கூரை வளைவுகளையும் ஒரே கோளத்தின் பரப்பிலிருந்து வெட்டி எடுக்கலாம் என்று உட்சன் முடிவுக்கு வந்த பிறகுதான் வழி பிறந்தது. கோளம் என்றால் வளைவு எங்கும் ஒன்றே. வளைவு ஒன்றானால் அச்சுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அச்சு திரும்பப் பயன்பட்டால் முன்வார்ப்புத் துண்டுகளைச் சைட்டிலேயே வரிசையாக வார்த்து அடுக்கலாம். கூரை அப்படித்தான் 2,194 துண்டுகளாக எழுந்தது, கட்டடம் 1973-இல் திறந்தது. இதில் எந்தப் படியையும் கணினி தானாகச் சொல்லவில்லை. அது கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும். தூணின் அடியை நகராமல் இறுகப் பிடித்திருப்பதாகக் கொள்வதா, சற்றுச் சுழல விடுவதா என்று கேட்டு ஒரு பெட்டியில் டிக் அடிக்கச் சொல்லும். அந்த மண்ணில் எது உண்மை என்று அதற்குத் தெரியாது. டிக் அடிக்கிற விரலுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். மென்பொருள் வந்த பிறகு அனுபவம் இல்லாதவரின் தவறும் நான்கு நிறத்தில், பக்க எண் போட்டு, திருத்தமாக அச்சாகி வருகிறது. பார்ப்பவருக்குச் சந்தேகமே எழாது என்பதுதான் இதிலுள்ள கேடு.

ஆலோசனை நிறுவனம் வைப்பவர் கணக்கோடு சேர்த்துக் கையெழுத்தையும் விற்கிறார் என்பதை நம் ஊர் அறிவுரையாளர்கள் சொல்வதே இல்லை. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஓட்டல். கூடத்தின் மேலே உள்நடைபாலங்கள் தொங்கின. நான்காம் தளத்துப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாம் தளத்துப் பாலம். முதல் வரைபடத்தில் கூரையிலிருந்து ஒரே இரும்புத் தண்டு இறங்கி இரண்டு பாலங்களையும் தாங்கியது. நீளத் தண்டு முழுக்க மரை போட வேண்டும், மாட்டுவது சிரமம் என்று அதை இரண்டாகப் பிரித்தார்கள்: கூரையிலிருந்து மேல் பாலத்துக்கு ஒரு தண்டு, மேல் பாலத்திலிருந்து கீழ்ப் பாலத்துக்கு இன்னொன்று. காகிதத்தில் சிறு மாற்றம். விளைவு என்னவென்றால், மேல் பாலத்தின் உத்திரத்துக்கு அடியில் இருந்த நட்டு இப்போது இரண்டு பாலங்களின் பளுவையும் சுமந்தது. 1981 ஜூலை 17 அன்று அந்த நட்டு உத்திரத்தின் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்தது. 114 பேர் இறந்தார்கள். ஆலோசனை நிறுவனம் அந்த ஷாப் டிராயிங்கில் முத்திரை குத்தி அனுப்பியிருந்தது. மூட்டை வடிவமைப்பது இரும்பு வேலைக்காரர்களின் பொறுப்பு என்ற வாதம் எடுபடவில்லை. நிறுவனத்தின் தலைவரும் அந்த வேலைக்குப் பொறுப்பான பொறியாளரும் உரிமத்தை இழந்தார்கள்.

அந்த நிறுவனத்தில் அனுபவசாலிகள் இல்லையா என்று கேட்டால், இருந்தார்கள். என் வாதத்துக்கு இது இடைஞ்சல்தான், மறைக்கப் போவதில்லை. வருடங்கள் தாமாகவே யாரையும் காப்பாற்றிவிடாது. ஆனால் விபத்து எங்கே ஒளிந்திருந்தது என்று பாருங்கள்: கணக்குக்கும் பட்டறைக்கும் நடுவில், இது உன் வேலை அது என் வேலை என்று இரு தரப்பும் கை கழுவிய சந்தில். அனுபவமுள்ளவர்கள் நிறைந்த, ஒருவர் வேலையை இன்னொருவர் சரிபார்க்கும் ஏற்பாடு உள்ள நிறுவனத்திலேயே அந்தச் சந்தில் ஒரு பிழை நுழைந்துவிட்டது என்றால், சரிபார்க்க இரண்டாவது ஆளே இல்லாத, பட்டறைப் பக்கம் போயே இராத ஒருவர் ஆபீஸுக்குள் அது எப்படி நுழையும், எத்தனை முறை நுழையும்? பல நாடுகள் இதனால்தான் பட்டத்தை மட்டும் வைத்துக் கையெழுத்துரிமை தருவதில்லை. அமெரிக்க மாநிலங்களில் உரிமம் பெற்ற பொறியாளராவதற்குப் பொதுவாக நான்கு ஆண்டுப் பணி அனுபவம் கேட்கிறார்கள். இந்தியாவில் கட்டடக் கலைஞர்களுக்கு 1972-இல் தனிச் சட்டம் வந்தது. பொறியாளர்களுக்கு நாடு தழுவிய அப்படியொரு சட்டத்தைப் பற்றிப் பல்லாண்டுகளாகப் பேச்சு மட்டும் நடந்தது. நகரமைப்பு அலுவலகங்களின் பதிவுமுறைதான் இங்கே ஓரளவு வேலி. 2014 ஜூன் 28-ஆம் தேதி சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்கு வந்த தொழிலாளர்கள். அதற்குப் பிறகும் முதலீடே வேண்டாத தொழில் என்று மேடையில் பேசுவதற்கு மனம் வருவது எனக்குப் புரியவில்லை.

சுதந்திரம் என்ற வாதம் மிச்சம் இருக்கிறது. சொந்தத் தொழிலில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாமாம். ஆலோசனைத் தொழிலின் நடைமுறையைப் பார்த்தவர்கள் இதைக் கேட்டால் வருந்துவார்கள். பில் போட்ட மாதத்துக்கே ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும். பில்டரிடமிருந்து பணம் ஆறு மாதம் கழித்து, அதுவும் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு வரும். அரசு வேலை வேண்டுமென்றால் டெண்டர் ஆவணத்தில் நிறுவனத்தின் முந்தைய வேலைகளுக்கு மார்க், குழுத் தலைவரின் அனுபவ ஆண்டுகளுக்கு மார்க். புதிய நிறுவனம் அந்தப் பக்கத்தைத் தாண்டவே முடியாது. மிச்சமிருப்பது சதுர அடிக்கு இவ்வளவு என்று பேரம் பேசி, பக்கத்துத் தெருக்காரரைவிட ஒரு ரூபாய் குறைத்துப் பிடிக்கிற வீட்டு வேலைகள். கட்டணம் குறையக் குறைய, ஒரு டிராயிங்குக்குச் செலவிடும் நேரம் குறையும். சைட்டுக்குப் போகும் தடவை குறையும். முதலாளியின் அதிகாரத்திலிருந்து தப்பியவர், சரியாகச் செய்ய நேரம் தராத நூறு வாடிக்கையாளர்களிடம் மாட்டிக்கொள்கிறார். மண் பரிசோதனை செய்யாமல் அஸ்திவாரம் போட்டுத் தரச் சொல்லும் பில்டரிடம் முடியாது என்று சொல்வதற்குத்தான் ஆலோசகருக்குச் சுதந்திரம் வேண்டும். அந்தச் சொல்லைச் சொல்ல, அவர் போனால் இன்னொருவர் வருவார் என்ற பெயரும், இரண்டு மாதம் வேலை இல்லாவிட்டாலும் தாங்கும் கையிருப்பும் வேண்டும். இரண்டையும் கொடுப்பது பலகைக்கு முந்தைய ஆண்டுகள்.

கடைசியாக ஒரு மறுப்பு, எனக்கு மிக வலுவாகப் படுவது. வேலையில் இருந்து கற்றுக்கொள் என்கிறாய், வேலை எங்கே கற்றுத் தருகிறது? நம் ஊரில் கட்டுமானப் பொறியாளராகப் புதிதாகச் சேருகிறவருக்குக் கிடைக்கும் சம்பளம் பல இடங்களில் அனுபவமுள்ள கொத்தனாரின் மாதக் கூலியை எட்டாது. டிராயிங் ஆபீஸில் சேர்ந்தவர் ஐந்து வருடமும் திரையின் முன்னால் ஒரே மாதிரித் தளத்தை வரைந்துகொண்டிருப்பார். சைட்டில் சேர்ந்தவர் ஐந்து வருடமும் சிமெண்ட் மூட்டை எண்ணிக்கொண்டிருப்பார். வீட்டில் கல்விக் கடன் பாக்கி. அவர் தன் பெயரில் ஒரு பலகை மாட்டிக்கொண்டு தப்பிக்க நினைத்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. கோபம் எல்லாம் அந்த ஐந்து வருடத்தையும் வெறும் மலிவான கைகளாகப் பயன்படுத்தித் தீர்க்கிற பழைய நிறுவனங்களின்மீது, அந்த நிலைமையைச் சரிசெய்யச் சொல்லாமல் வெளியே ஓடு என்று மட்டும் சொல்கிற அறிவுரையாளர்கள்மீது. ஆரப்புக்குக் கிடைத்ததும் மயாருக்குக் கிடைத்ததும் வெறும் வேலை அல்ல, வரைகிற மேசைக்கும் கட்டுகிற இடத்துக்கும் நடுவில் போய்வர ஒரு கதவு. அந்தக் கதவைத் திறந்துவைக்க நம் நிறுவனங்களுக்குப் பெரிய செலவு ஆகிவிடாது. தான் வரைந்த தளத்துக்குக் கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள், வரைந்த பிள்ளையைச் சைட்டுக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லலாம். சைட்டில் இருக்கும் பிள்ளையை வருடத்தில் இரண்டு மாதம் டிராயிங் ஆபீஸில் உட்கார வைக்கலாம். ஒவ்வொரு டிராயிங்கிலும் வரைந்தவர் பெயரோடு சரிபார்த்தவர் பெயரும் உண்மையாகவே சரிபார்த்தவருடையதாக இருக்கலாம். வேலைக்குச் சேரும் பிள்ளைகளும் சம்பளத்தைக் கேட்ட கையோடு இந்த மூன்றையும் நேர்முகத் தேர்விலேயே கேட்க வேண்டும். பதில் சொல்லத் தயங்கும் நிறுவனத்தில் சேரத் தயங்க வேண்டும்.